அந்தோணியாருக்கு உப்பும் நல்லமிளகும்

கடல் தாண்டி உப்பு கொண்டுபோனவள் நான். விமான நிலையத்தில் என் பையைப் பிரித்தவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகம் கேட்டது. அம்மா கட்டித் தந்த பொதி அது, பிரிக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

அம்மா இடுப்பெலும்பு ஒடிந்து கிடந்தபோது நேர்ந்துகொண்டது. எழுந்து நடந்தால் அந்தோணியார் காலடியில் மூத்த மகள் கையால் உப்பும் நல்லமிளகும் வைப்பதாக. நடந்தாள். நெய்யாற்றின்கரைச் சந்தையில் வாங்கி, திருப்புறம் பக்கத்திலுள்ள எங்கள் கோயிலுக்குப் போனேன். பங்கின் காரியங்களைப் பார்க்கும் கைக்காரர், காணிக்கைத் தட்டைக் கையால் மூடிக்கொண்டார். நான் இந்துவை ரெஜிஸ்டர் கல்யாணம் செய்தவள்.

“ஞாயிறாழ்ச்ச பூசையில எல்லாரும் காண முட்டுக்குத்தி மன்னிப்பு கேளு. பெறவு உப்பு வைக்கலாம்.”

“நான் ஒரு தெற்றும் செய்யேல்ல. உப்பும் செய்யேல்ல,” என்றேன்.

தம்பி தான் கொண்டுபோய் வைப்பதாகச் சொன்னான். அம்மா விடவில்லை. “நேந்தது இவளுக்க கையாலயாக்கும். அந்தோணியாரு இந்த ஒரு கோயில்ல மட்டுமா இருக்காரு? எல்லா ஊருலயும் உண்டு.”

கணவர் தார் எஸ் சலாமில் எலக்ட்ரீஷியன். விடுமுறைக்கு நான் போனபோது பொதியும் வந்தது. துறைமுகத்தைப் பார்த்து நிற்கிற பேராலயம், ஜெர்மானியர் காலத்துக் கட்டடம். வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, வானத்தைக் குத்துகிற கூம்பு. அதன்மேல் காக்கைகள். நம்ம ஊர்க் காக்கையாக்கும், விரட்டிப் பார்த்தும் போகவில்லையாம், என்றார் கணவர். எனக்கு அந்தக் காக்கைகளைப் பிடித்துப்போயிற்று.

வாசலில் செருப்பைக் கழற்றினேன். அவரும் கழற்றினார். உள்ளே அத்தனை பேரும் செருப்போடும் ஷூவோடும் இருந்தார்கள். படியில் எங்கள் இரண்டு ஜோடி மட்டும்.

குழந்தையேசுவைக் கையில் ஏந்தி அந்தோணியார் நின்றார். தட்டு இல்லை. ஊரில் தட்டு நிறைந்தால் காலடியிலேயே கொட்டுவோம். கொட்டினேன். வழுவழுப்பான தரையில் உப்பு வெள்ளையாய்ச் சரிந்தது. நல்லமிளகு நிற்குமா? பெஞ்சுகளுக்கு அடியில் ஓடியது.

பீடத்தில் பூ அடுக்கிக்கொண்டிருந்த பெண் விரைந்து வந்தாள். மடமடவென்று பேசினாள். கணவருக்கு வேலையிடத்து சுவாஹிலி கொஞ்சம் உண்டு. ஏன் தரையில் கொட்டினாய் என்று கேட்கிறாள், என்றார்.

எனக்குள் கைக்காரர் எழுந்து நின்றார். தட்டு மூடிய அந்தக் கை.

“உப்பை வாரச் சொன்னா வாரமாட்டேன். மன்னிப்பும் கேக்கமாட்டேன். அப்படியே சொல்லுங்க.”

“எடி, அவங்க அதொண்ணும் கேக்கேல்ல.”

அந்தப் பெண் குந்தியிருந்து மிளகை ஒவ்வொன்றாய் உள்ளங்கையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தின்கிற பொருளைத் தரையில் போடலாமா என்பதுதான் அவள் கேள்வி. இங்கே ஞாயிற்றுக்கிழமை காணிக்கை நேரத்தில் அரிசி, எண்ணெய், சோப்பு, உப்பு எல்லாம் பீடத்துக்குக் கொண்டுபோவார்கள், இல்லாத வீடுகளுக்குப் போகும், நீயே கொண்டு வா என்றாள். நானும் குனிந்தேன். யாரும் சொல்லாமல் குனிந்தேன். அதில் வித்தியாசம் உண்டு.

ஞாயிறு வந்தது. பூப்போட்ட துணி உடுத்த பெண்கள் பாட்டுக்கு அசைந்து அசைந்து போனார்கள். எனக்கு அசையத் தெரியாது. வெறுங்காலோடு, நடுப்பாதையில், பொதியை நெஞ்சோடு பிடித்து நேராக நடந்தேன். பூசை வைத்த சாமியார் இரண்டு கையாலும் வாங்கினார். உன் கணவர் எந்த மதம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அங்கே வாங்கிக்கொண்டதால் இங்கே உள்ளவர்களை மன்னித்துவிட்டேன் என்று யாரும் எண்ணவேண்டாம். பேராலயத்தின் அழகு என்னைச் சாதுவாக்கவில்லை. அந்த நடுப்பாதை என் ஊரிலும் இருக்கிறது. இவ்வளவு நீளம்கூட இல்லை. அதில் என்னை நடக்க விடாததுதான் இன்னும் தீராத கணக்கு.

வெளியே வந்து அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன்.

“வச்சியா மக்கா?”

“வச்சேன்.”

“நினக்க கையாலயா?”

“எனக்க கையாலயாக்கும்.”

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, வருகிற ஞாயிறு கம்பை ஊன்றிக்கொண்டு நம் கோயிலுக்குப் போகிறேன், கைக்காரரிடம் இதைச் சொல்லாமல் திரும்பமாட்டேன் என்றாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

“தனியா வேண்டாம்,” என்றேன். “பூசை தீந்த உடனே சொல்லு. எல்லாரும் காண.”