ஞாயிற்றுக்கிழமை டீசல்

வாரத்தில் ஆறு நாள் என் ஜீப்பில் பதினாறு பெண்கள் ஏறுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருத்திதான். என் மனைவி.

கூடலூரிலிருந்து குமுளிக்கு மேலே உள்ள ஏலத் தோட்டங்களுக்குக் கூலி ஆள் கொண்டுபோவது என் வேலை. விடியும்போது ஏற்றம், சாயங்காலம் இறக்கம். ஜீப் முதலாளியுடையது. ஞாயிறு தோட்டம் கிடையாது. வண்டியைக் கழுவி வைத்தால் அன்றைக்கு நான் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். டீசல் மட்டும் என் பொறுப்பு.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சினிமாக் கொட்டகையில் அவளுக்குத் தலைவலி வரும். கோயில் கூட்டம் எனக்கு ஆகாது. மலைக்குப் போவதுதான் இரண்டு பேருக்கும் ஒத்துவந்தது. தலைக்குக் குளித்து, தூக்குவாளியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு பத்து மணிக்குக் கிளம்புவோம். முன் சீட்டில் அவள். மின்சாரத்துக்குத் தண்ணீர் இறங்கும் பெரிய குழாய்களைத் தாண்டி, மேலே ஒரு வளைவில் கைப்பிடிச் சுவர் அகலமாக இருக்கும். அங்கே வண்டியை ஓரம் கட்டுவோம். கீழே வயல், தென்னை, திராட்சைப் பந்தல், அதற்கு நடுவில் ஊர். அவள் வாராவாரம் எங்கள் வீட்டைத் தேடுவாள்.

"அந்தா, அந்த வெள்ளச் சொவரு."

"அது அரிசி மில்லு."

"அப்ப அதுக்குப் பக்கத்துல."

வீடு ஒரு நாளும் தெரிந்ததில்லை.

அவளுக்குச் செடிப் பைத்தியம். பெயிண்டு டப்பா, எண்ணெய் டின் எல்லாவற்றிலும் மண் போட்டு வைத்திருந்தாள். குமுளிப் பக்கம் வீட்டுக்கு வீடு பூச்செடி. வேலிக்கு வெளியே நீட்டியிருக்கும் கம்பை ஒடித்து முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

"கேட்டா குடுப்பாக. எதுக்குத் திருடுற?" என்றேன் ஒரு நாள்.

"கேட்டு வாங்குன கம்பு வேர் பிடிக்காது மாமா. களவாண்டதுதேன் பிடிக்கும்."

"போலீசு பிடிச்சா?"

"ஜீப்பு ஓட்டுனது நீங்க. ஒங்களத்தேன் மொதல்ல பிடிப்பாக."

அவள் அக்காவும் என் ஜீப்பில்தான் வேலைக்கு வருவார். எனக்கு மதினி. பின்னால், கதவோரம்தான் உட்காருவார். காற்று வேண்டும் அவருக்கு.

இனி டீசல் விஷயம். முதலாளி வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து ஊற்றுவார். ஏறும்போது டீசல் குடிக்கும். இறங்கும்போது எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டால் வண்டி தானாக உருண்டு கீழே வந்துவிடும். பிரேக்கை மிதித்து மிதித்து வர வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஸ்டாண்டில் எல்லா டிரைவரும் அப்படித்தான் இறக்கினார்கள். அப்படி மிச்சம் பிடித்த டீசல் அவரவருக்கு. மற்றவர்கள் அதை விற்றார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டேன்.

மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கும் முதலாளியே ஊற்றுகிறார் என்று சொல்லிவைத்தேன். நல்ல மனுசர் என்று அவள் தீபாவளிக்குத் தீபாவளி அவர் வீட்டுக்கு முறுக்கு சுட்டு அனுப்பினாள்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் முன் சீட்டில் இருக்கும்போது நான் நியூட்ரலில் இறக்கியதில்லை. இரண்டாவது கியரில், எஞ்சின் உறுமிக்கொண்டே இறக்குவேன். அப்படி இறக்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறைவு. ஏன் என்று அப்போது யோசித்ததில்லை. கை தானாகக் கியருக்குப் போகும்.

ஐந்து வருஷம் இப்படிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூறல். பதினாறு பேரோடு இறங்கினேன். எஞ்சின் அணைந்திருந்தது. குழாய்களுக்குக் கீழே இரண்டாவது வளைவில் மிதித்த பிரேக் அடிவரை போனது. பிடிக்கவில்லை. கியர் போட்டுப் பார்த்தேன், விழவில்லை. இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் மலை. மலைப் பக்கம் திருப்பினேன். ரோட்டுக்கும் மலைக்கும் நடுவில் இருந்த ஓடையில் இறங்கி ஜீப் பக்கவாட்டில் சாய்ந்தது.

பதினைந்து பேருக்குச் சிராய்ப்பு. கதவோரம் இருந்த மதினியின் கால் வண்டிக்கு அடியில்.

பிரேக் சூடேறிக் கருகியிருந்தது என்றார் மெக்கானிக். ஏன் சூடேறியது என்று யாரும் கேட்கவில்லை. மற்ற டிரைவர்களுக்குத் தெரியும். அவர்களும் அப்படியே இறக்குகிறவர்கள், அதனால் பேசவில்லை. பள்ளத்தில் விடாமல் மலையில் விட்டேன் என்று ஊரே சொன்னது. அந்தப் பெண்கள் வீட்டுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். மனைவி எனக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

மதினியின் கால் கூடியது. ஆனால் மற்றக் காலைவிடக் கட்டையாகக் கூடியது. சரிவில் நின்று காய் எடுக்க முடியாது. கம்பம் டவுனில் ஒரு ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு அங்கேயே குடிபோனார். அந்தத் தீபாவளிக்கு அவர் எனக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். உசிரைக் காப்பாற்றியதற்கு என்றார். அடுத்த தீபாவளிக்கும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஜீப் சரியாகி வந்த பிறகு நான் கியரில்தான் இறக்கினேன். டீசல் மிச்சமாகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்தோம். இரண்டாவது வேட்டி வந்த பிறகு ஒரு நாள் மனைவி கேட்டாள்.

"மொதலாளி இப்ப டீசல் ஊத்துறதில்லையா?"

"இல்ல."

"அப்ப பஸ்ஸுல போவோம்."

குமுளிக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்து அந்தச் சுவருக்கு இறங்கி வருவோம். நாலைந்து ஞாயிறு அப்படிப் போனோம். ஐந்தாவதோ ஆறாவதோ, சோற்றைப் பிரித்து வைத்திருந்தோம். மேலேயிருந்து ஒரு ஜீப் வந்தது. டயர் ரோட்டில் தேயும் சத்தம் மட்டும். எங்களைத் தாண்டி வளைவில் மறைந்தது.

"என்ன மாமா இது, பூனை கணக்கா போகுது?"

"எஞ்சின அணைச்சிருக்கான்."

"எதுக்கு?"

"டீசல் மிச்சம் பிடிக்க."

அவள் கையில் உருண்டை பிடித்த சோறு இருந்தது. வளைவையே பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன். டீசல், பிரேக், மதினி, முறுக்கு எல்லாம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமையும் என்னைய வச்சு அப்படித்தேன் எறக்குனீகளா?"

"இல்ல. நீ இருக்கையில கியருலதேன்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். ஆபத்து என்று தெரிந்தேதான் மற்றவர்களை அப்படி இறக்கினேன் என்பது அந்த 'இல்ல'யில் இருந்தது. அவள் உருண்டையைத் தூக்குவாளியில் போட்டு மூடினாள். அன்றைக்குக் கம்பு ஒன்றும் ஒடிக்கவில்லை.

அந்த வாரம் வீட்டில் பேச்சு இல்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. நான் ஊற்றினேன். என்னோடு இருப்பாளா, அக்காவிடம் போய்விடுவாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் நின்று சொன்னாள்.

"நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறோம். நீங்கதேன் சொல்லணும். நான் வாயத் தெறக்க மாட்டேன்."

கம்பத்தில் மதினி சுளகில் காயைப் பரப்பி வைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கட்டைக் காலை நீட்டியிருந்தார்.

"வாங்க தம்பி. என்ன, மலைக்குப் போகாம இங்கன வந்துட்டீக? அங்கன இருக்குற வேலியவெல்லாம் மொட்டையடிச்சு முடிச்சிட்டாளா ஒங்க பொண்டாட்டி?"

மனைவி சிரிக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்தேன். சொன்னேன். மதினியின் விரல்கள் காயைப் பிரித்துக்கொண்டே இருந்தன. பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம். இவள் இருந்தால் கியரில் இறக்குவேன் என்று சொன்னபோது விரல்கள் நின்றன.

நிமிர்ந்து கேட்டார்.

"பதினாறு பேருக்கு இல்லாத கியரு இவளுக்கு மட்டும் இருந்துச்சாக்கும்?"

"ஆமா மதினி."

"ரெண்டு வேட்டி குடுத்தேன்."

"ஆமா."

"இனிமே குடுக்க மாட்டேன்."

"வேண்டாம் மதினி."

சுளகைத் தள்ளி வைத்து, சுவரைப் பிடித்து எழுந்தார். தங்கச்சி எழுந்து கை கொடுக்கப் போனாள். தட்டிவிட்டார்.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"போன ஞாயித்துக்கெழம."

"சரி. இருந்து சாப்பிட்டுப் போங்க. கொழம்பு வச்சுட்டேன்."

சாப்பிட்டோம். எனக்கு இரண்டாவது தடவை சோறு வைக்க வந்தார். கரண்டி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வைத்தார்.

அந்தத் தீபாவளிக்கு வேட்டி வரவில்லை. முதலாளி வீட்டுக்கு முறுக்கும் போகவில்லை.

தை கழிந்து ஒரு சனிக்கிழமை மனைவி கேட்டாள். "வண்டிய எடுக்க முடியுமா? டீசல் நம்ம காசுல."

"முடியும்."

"கம்பம் போயி அக்காவக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போவோம். வாரேன்னு சொல்லியிருக்கா."

மதினி வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தியதும் மனைவி முன் சீட்டிலிருந்து இறங்கினாள். பின்னால் போய் ஏறிக்கொண்டாள். மதினி ஜீப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, முன் சீட்டில் ஏறினார்.

சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்காவும் தங்கச்சியும் வீட்டைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. சாயங்காலம் இறங்கினோம். நான் இரண்டாவது கியர் போட்டேன். வண்டி உறுமியது. குழாய்களைத் தாண்டி இரண்டாவது வளைவு வந்தபோது மதினி கம்பியை இறுக்கிப் பிடித்தார். ஓடையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார், கியர்மேல் இருந்த கையை.

வளைவு கடந்தது. அதற்குப் பிறகும் அவர் பார்வையை எடுக்கவில்லை. நானும் கையை எடுக்கவில்லை. கீழே தரை வரும்வரை அப்படியே வந்தோம்.