இரண்டாம் நோட்டின் இடது பக்கம்

வேலை போன பிறகு எட்டு மாதம் டெல்லி மயூர் விஹார் வீட்டில் உட்கார்ந்து, வீடியோ பார்த்துப் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றேன். அதில் வரும் ஒவ்வொரு புரோகிராமையும் நிறுத்தி நிறுத்தி நோட்டில் எழுதிக்கொள்வேன். தலைப்புக்குச் சிவப்பு மை. மூன்று நோட்டு நிறைந்தது.

நொய்டாவில் ஒரு கம்பெனியில் நேர்காணல். எதிரில் இருந்த பெண் என் பெயரைப் பார்த்துத் தமிழிலேயே பேசினார். பத்து எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்கப் புரோகிராம் எழுதச் சொல்லி, காலித் திரையை என் பக்கம் திருப்பினார். அது என் இரண்டாம் நோட்டில், இடது பக்கத்தில் இருக்கிறது. பக்கம் கண்ணுக்குள் தெரிந்தது. ஒரு வரிகூடக் கைக்கு வரவில்லை.

"வீடியோவ மூடி வெச்சிட்டு, நீங்களா எப்பவாவது எழுதிப் பாத்திருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல."

"தப்பா வந்தாலும் பரவால்ல. டெய்லி ஒண்ணு எழுதுங்க."

திரும்பும்போது மெட்ரோவில் அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. வீட்டில் கணவர் கேட்டபோது, "அப்புறம் சொல்றேன்னாங்க" என்று பொய் சொன்னேன்.

பிறகு நோட்டுகளை அலமாரியில் வைத்துவிட்டு அதே கணக்கைக் கணினியில் எழுதினேன். நாலாவது வரியில் பிழை என்று சிவப்பில் வந்தது. வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்தில் நானாகச் செய்த முதல் தப்பு அதுதான்.