கஃபீல் என்கிற முதலை

எங்கள் அப்பாவை ஒரு முதலை பிடித்து வைத்திருக்கிறது என்று மூன்றாம் வகுப்பில் நான் மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள். அதன் பெயர்கூட எனக்குத் தெரியும். கஃபீல்.

அம்மாவுக்கு அல் ஐனில் நர்ஸ் வேலை. நான் அவளோடு. அப்பா சவூதியில், ஜுபைலில், ஒரு கம்பெனியில் டெக்னீஷியன். அவர் லீவுக்கு வந்து வெகுநாளாகியிருந்தது. அப்பா வாசனை எப்படியிருக்கும் என்பதே மறந்துபோய், அலமாரியில் கிடந்த அவர் சட்டைக்குள் முகத்தை விட்டுப் பார்ப்பேன். துவைத்த சோப்பு வாசனைதான் வரும்.

ஒருநாள் அம்மா அடுக்களையில் நின்றுகொண்டு ஊரிலிருக்கும் சித்தியிடம் போனில் புலம்பினாள். "அந்த கஃபீல் முதலைப்பிடியாட்டு பிடிச்சு வச்சிருக்கான். லீவும் இல்ல, பாஸ்போர்ட்டும் இல்ல. வெளிய விடமாட்டேங்கான்." கஃபீல் என்றால் விசாவுக்குப் பொறுப்பான அரபி முதலாளி என்பது வளைகுடாவில் பெரியவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. எனக்கோ பள்ளிக்கூடத்தில் முழுக்க இங்கிலீஷ், வீட்டில் அரைகுறைத் தமிழ். முதலை புரிந்தது. பிடி புரிந்தது. வேறென்ன வேண்டும்?

ஒரே ஒரு சந்தேகம்தான் உறுத்தியது. மணல்காட்டில் முதலைக்கு என்ன வேலை? அதையும் டிவி தீர்த்துவைத்தது. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் முதலைகள் இருக்கின்றனவாம். குட்டை வற்றியதும் பாறை இடுக்கிலோ, மண்ணைத் தோண்டிய வளையிலோ போய்ப் படுத்துவிடுமாம். மாதக்கணக்கில் தீனியும் இல்லாமல் அசையாமல் கிடக்குமாம். மூச்சைக்கூட சிக்கனமாகத்தான் விடுமாம். மழை பெய்து குட்டை நிரம்பினால்தான் எழுந்து தண்ணீருக்குப் போகும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அடேயப்பா, அப்படியானால் அப்பா தப்பிக்க வழி இருக்கிறது! மழை பெய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அப்பா போன் செய்ததும் என் முதல் கேள்வி, "அங்க மழை பெய்ஞ்சுதாப்பா?"

"இந்த வேக்காட்டுல மழையா மக்ளே?" என்று சிரிப்பார். மகளுக்கு மழை என்றால் உயிர் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

ஒரு தடவை குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கஃபீல் தூங்குதா?" என்று கேட்டேன்.

"அவன் நல்லா உறங்குவான் மக்ளே. நமக்குத்தான் உறக்கம் இல்ல."

பார்த்தீர்களா! டிவியில் சொன்னதும் இதுவும் அச்சு அசலாகப் பொருந்தியது. "மெதுவாப் பேசுங்கப்பா" என்றேன். என்ன ஏது என்று கேட்காமல் அவரும் மெதுவாகப் பேசினார்.

அந்தக் குரலுக்கு இன்றும் மனசு ஏங்குகிறது. அப்பா பிற்பாடு வந்துவிட்டார். இப்போது என்னோடுதான் இருக்கிறார், டிவி சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுகிறார். இருந்தாலும் எனக்குக் கிடைக்காமலே போன அந்த வருஷங்களின் அப்பா எனக்கு வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது?

குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவே முந்திக்கொண்டார். "மக்ளே, நேத்து பிடிச்ச மழை இன்னும் விடல்ல. கேம்ப் வாசல்ல முட்டளவு வெள்ளம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அப்பா, யல்லா! ஓடி வந்துருங்க! கஃபீல் தண்ணிக்குப் போயிருக்கும். அது திரும்பி வாறதுக்குள்ள வந்துருங்க!"

"கஃபீல் எங்க போயிருக்கும்?"

மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். வளை, உறக்கம், மழை, ஒன்று விடாமல். அப்பா சிரிக்கவில்லை.

"ஆமா மக்ளே, போயிருக்கும்" என்றார். "இப்பவே கிளம்புதேன்."

சர்ச் பூசைக்குப் போடும் கவுனை மாட்டிக்கொண்டேன். லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். எதிர் பிளாட் மலையாளி சேச்சி. சாப்பாட்டுப் பார்சல் கொண்டுவந்தவர். மறுபடியும் சேச்சி. அம்மா அதட்டவே இல்லை. எனக்கு அதுவே ஆச்சரியமாக இருந்தது. கதவடியில் தூங்கிப்போன என்னை அவள்தான் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்திருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை, "ஏன்பா வரல?" என்று கேட்டேன்.

"அது சீக்கிரமே திரும்பி வந்துட்டு மக்ளே."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் முதலைக்குப் பக்கத்தில் கிடப்பவர் அவரல்லவா? அவர்தானே பாவம்? பெரிய மனுஷி மாதிரி, "பரவாயில்லப்பா, அடுத்த மழைக்கு வாங்க. நான் இருப்பேன்" என்று தேற்றினேன்.

ஹலோ, ஹலோ என்று கத்திப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அவள் வாங்கிக் காதில் வைத்தவள்தான், ஒரு வார்த்தை பேசாமல் அப்படியே நின்றாள். கட்டாகிப்போன போனை இவள் எதற்கு இவ்வளவு நேரம் காதில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.