வலது மேல்மூலையில் ஒரு பொத்தான்

போன் திரையில் எந்தப் பொத்தானை எங்கே வைப்பது என்று முடிவு செய்வதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. கேட்பவர்கள், “இதுக்கெல்லாமா ஒரு ஆளு?” என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்ததுண்டு. இப்போது சிரிப்பதில்லை.

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு எங்கள் கம்பெனி ஒரு செயலி செய்து கொடுத்தது. மலையில் வேலை செய்பவர்கள் காலையில் பேர் பதியலாம், ஆபத்து என்றால் ஆபீசைக் கூப்பிடலாம். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் நான். என் அக்கா அங்கேதான் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தாள். அதனாலேயே வேலையை என் தலையில் கட்டினார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஆபத்துப் பொத்தானைப் பெரிதாகத்தான் முதலில் வரைந்தேன். தோட்டத்து மேனேஜருக்குப் பிடிக்கவில்லை.

“பெரிசா வச்சா சும்மா சும்மா அமுங்கும்லா. ஒவ்வொரு தடவையும் நான் கெரேத்தாவ ஓட்டிக்கிட்டு மலை ஏற முடியுமா?”

நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். பொத்தான் நகத்தளவுக்குச் சுருங்கி வலது மேல்மூலைக்குப் போனது. அதை அமுக்கினால் ‘நிச்சயமா?’ என்று ஒரு கேள்வி வரும். அடியில் ‘ரத்து’, ‘ஆம்’ இரண்டும் ஒட்டி ஒட்டி நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்த அக்காவிடம் சோதித்தேன். மழைக்குப் பயந்து எல்லாரும் செய்வதுபோல் அவளும் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருந்தாள். அந்தப் பையைப் பிரித்துப் போனை எடுத்துக் கொடுத்ததே நான்தான். நாற்காலியில் உட்கார்ந்து, காய்ந்த விரலால், நிதானமாக அமுக்கினாள். “நல்லாத்தான் இருக்கு,” என்றாள். அதைத்தான் சோதனை என்று எழுதிக் கொடுத்தேன். என்னைப்போல ஒரு மடச்சி உண்டா!

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். மற்றவர்கள் கொழுந்து மூட்டைகளோடு லோரிக்கு இறங்கிவிட்டார்கள். மறந்துவிட்ட கொழுந்துக் கத்தரியை எடுக்க அக்கா மட்டும் திரும்ப மேலே ஏறினாள். மண் சரிந்தது. இடது கால் கல்லுக்கு அடியில், வலது கை உடம்புக்கு அடியில். கழுத்தில் தொங்கிய போனை இடது கையால் பிடிக்க முடிந்தது; ஆனால் ஆபீசுக்கு அழைப்பு எதுவும் போகவில்லை. சாயங்காலம் பேர் கூப்பிடும்போதுதான் அவள் இல்லை என்பதே தெரிந்தது. முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

“பாவம், பதட்டத்துல தப்பா அமுக்கிட்டாங்க,” என்றார் மேனேஜர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விரல் பட்ட இடங்களையெல்லாம் செயலி பதிந்து வைத்திருக்கும். ஆபீசில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். திரையின் இடது கீழ்ப்பாதி முழுக்கப் புள்ளிகள். ஒரு கையில் பிடித்த போனில் கட்டைவிரல் அவ்வளவு தூரம்தான் போகும். எப்படியோ எக்கி இரண்டு தடவை மேல்மூலையைத் தொட்டிருக்கிறாள். இரண்டு தடவையும் கேள்வி வந்திருக்கிறது. ஈரப் பைக்கு மேல் விரல் வழுக்கி, இரண்டு தடவையும் ‘ரத்து’. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அக்கா வீட்டுக்கு வந்தபிறகு புதிய செயலியைக் கொண்டுபோய்க் காட்டினேன். திரையின் கீழ்ப்பாதி முழுவதும் ஒரே சிவப்புப் பொத்தான். மூன்று விநாடி அமுக்கிப் பிடித்தால் போதும், கேள்வி கிடையாது. தெரியாமல் பட்டால் ஒன்றும் ஆகாது. கட்டிலில் சாய்ந்தபடியே இடது கட்டைவிரலை வைத்தாள். முதல் தடவையிலேயே அபாயச் சங்கு ஊதியது.

“இத மாத்த எத்தன நாளாச்சு?” என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“அரை நாளுதான், அக்கா.”

அக்கா போனை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.