சம்பந்தியிடம் இருந்த சாவி

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேத்திக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, நானும் மனைவியும் கோவில்பதாகையிலிருந்து கிளம்பி, ஆவடியில் பஸ் பிடித்து, பூந்தமல்லியில் மகன் குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்துக்குப் போனோம்.

கேட்டிலேயே காவலாளி நிறுத்திவிட்டார். மேலே இருப்பவர்கள் போனில் சம்மதம் சொன்னால்தான் உள்ளே விடுவாராம். மகனுக்கு ஆறு முறை போன் அடித்தேன். மருமகளுக்கு நான்கு முறை. இருவருமே எடுக்கவில்லை.

“நான் அவனைப் பெத்த அப்பன்யா!”

“அது சரி பெர்சு. மேலேர்ந்து ஓகே வர்லியே, நான் இன்னா பண்றது? உட்டா என் வேலை பூடும்.”

வெயில் ஏறியது. அந்த நேரத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்த மூன்று பேர் உள்ளே போய் வெளியேயும் வந்துவிட்டார்கள். பெற்றவன் நிற்கிறேன்!

அப்போது ஸ்கூட்டரில் சம்பந்தியும் அவர் மனைவியும் வந்தார்கள். காவலாளி ஒரு கேள்வி கேட்கவில்லை. சலாம் வைத்துத் தடுப்புக் கம்பியைத் தூக்கினார்.

சம்பந்தி எங்களைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். “என்ன சம்பந்தி, வெளியில நிக்கிறீங்க? அவங்க தூங்கிட்டு இருப்பாங்க. வாங்க, எங்கிட்ட சாவி இருக்கு.” பிறகு காவலாளியிடம், “நமக்கு வேண்டியவங்கதான்பா, உள்ள விடு” என்றார்.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. என் மகன் வீட்டுக்குள் நுழைய இவர் சிபாரிசா? “நீங்க போங்க. எம் பையன் வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்” என்றேன்.

மனைவி என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். அவளோ, “எனக்கு முட்டி வலிக்குது. நீங்க இங்கயே நின்னு கோவிச்சுக்குங்க, நான் பாப்பாவைப் பார்க்கணும்” என்று சொல்லிவிட்டு, சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கால் மணி நேரம் கழித்து மகன் கலைந்த தலையோடு ஓடி வந்தான்.

“ராத்திரி பூரா பாப்பா தூங்கலப்பா. இப்பத்தான் கண்ணசந்தோம். மாமா கூடவே வந்திருக்கலாம்ல?”

“அவருக்குச் சாவி கொடுத்திருக்க. எனக்கு எங்கடா சாவி?”

“அவங்க தினம் வந்து பாப்பாவைப் பார்த்துக்கறாங்கப்பா. உங்களை வரச் சொன்னப்ப, வீட்டைப் பூட்டிட்டு வர முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொன்னேன்தான். அதற்காகப் பெற்றவனைக் கேட்டில் நிறுத்துவதா என்று கத்தினேன். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, “வாங்கப்பா” என்று மட்டும் சொன்னான்.

போனேன். காய்ச்சலில் துவண்டு கிடந்த குழந்தையைத் தூக்கக் கை நீட்டினேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு சம்பந்தியின் தோளில் சாய்ந்துகொண்டது. குழந்தை அப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் ஆளிடம் என்ன சண்டை போட முடியும்?

பெற்றவன் என்பதற்காக மட்டும் மகன் வீட்டில் எதுவும் தானாக வந்துவிடாது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும், அந்த வளாகத்தைத் தாண்டிப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.