ஒரே ஆப்ஜெக்ட், இரண்டு டோக்கன்

புனேயில், எங்கள் ஹடப்சர் அலுவலகத்தில் டீம் லீட் இடம் காலியானபோது, அது எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். சீனியர் நான். ஆனால் மேனேஜர் டீ குடிக்கக் கூப்பிட்டது என்னையல்ல, எனக்குப் பின்னால் சேர்ந்தவளை. புனேயிலேயே, கேம்ப் என்ற பேட்டையில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். மராத்தியில் அவள் ஏதாவது சொல்வாள். அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். மதுரையிலிருந்து வந்த எனக்கு இத்தனை வருஷத்தில் வாய்த்த மராத்தி, ஆட்டோக்காரருக்கு வழி சொல்லத்தான் போதும். பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது ஒரு கிளினிக்குக்கு டோக்கன் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். அங்கே இரண்டு கவுன்ட்டர்கள். எதில் கேட்டாலும் எண்கள் ஒரே வரிசையில் வரவேண்டும். அப்படியென்றால் எண் கொடுக்கும் ஆப்ஜெக்ட், அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல்துண்டு, மென்பொருள் முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும். இதைத்தான் சிங்கிள்டன் என்போம். அந்த வேலை அவளுக்குப் போனது. முடித்ததும் மேனேஜர் எல்லார் முன்னாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் அவள் எழுதியதை வரி வரியாக நோண்டினேன். கிடைத்தது. ஆப்ஜெக்ட் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், இல்லையென்றால் உருவாக்கவேண்டும்; அவ்வளவுதான் எழுதியிருந்தாள். ஒருவர் பார்க்கும் நேரத்தில் இன்னொருவர் நுழையாதபடி பூட்டு இல்லை. காலையில் இரண்டு கவுன்ட்டரிலும் ஒரே நொடியில் பட்டனைத் தட்டினால், இரண்டு பக்கமும் இல்லையென்று நினைத்து ஆளுக்கொன்று உருவாக்கிவிடும். இரண்டு நோயாளிகள் கையிலும் ஒன்றாம் நம்பர். டாக்டர் அறை வாசலில் அடிதடிதான். எனக்கு வயிறு குளிர்ந்தது.

பக்கத்து நாற்காலிதான் அவளுடையது. சொல்லவில்லை. எல்லாரும் உட்கார்ந்து நிரலை ப்ரொஜெக்டர் வழியாகச் சுவரில் ஓட்டிப் பார்க்கும் வெள்ளிக்கிழமை ரிவ்யூவுக்காகக் காத்திருந்தேன்.

ரிவ்யூவில், பார்ப்பதற்கும் உருவாக்குவதற்கும் நடுவில் கொஞ்சம் தாமதத்தைச் செருகி இரண்டு லேப்டாப்பிலும் பட்டனைத் தட்டினேன். சுவரில் ஒன்று, மறுபடியும் ஒன்று. மேனேஜர் முகம் சுருங்கியது. "காலேஜ் பசங்ககூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அவள் என் பக்கம் சாய்ந்தாள். "அக்கா, இது நீங்க எழுதின கோட்தான். பழைய ப்ராஜெக்ட்ல இருந்து எடுத்தேன். பேர் மட்டும் மாத்தினேன்" என்றாள். தமிழில், எனக்கு மட்டும் புரியும்படி.

சுவரைப் பார்த்தேன். நான் எழுதியதேதான்; தப்பைத் தேடிய வேகத்தில் அடையாளம் தெரியவில்லை. அந்தப் பழைய மென்பொருள் ஒரே கவுன்ட்டரில் ஓடியது. அதனால் யாருக்கும் தெரியாமல் போயிருந்தது. இவள் இப்போது வாயைத் திறந்தால் என் லீட் கனவு அன்றோடு முடிந்தது.

திறந்தாள். "மாஜீ சூக், சர்" என்றாள் மேனேஜரிடம். தன் தப்புதானாம். அந்த அளவு மராத்தி எனக்கும் புரியும்.

சாயங்காலத்துக்குள் பூட்டைப் போட்டு முடித்தாள். லீட் இடமும் அவளுக்கே போனது. மராத்தி பேசித்தான் வாங்கினாள் என்று வீட்டில் கணவரிடம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், இதை எழுதியவள் இவள்தான் என்று தெரிந்த எல்லா மொழியிலும் கத்தியிருப்பேன். அவளுக்கு அது தோன்றவே இல்லை. பதவி போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதைத்தான் பொறுக்க முடியவில்லை.