மகளின் அடையாளக் கார்டில் எங்கள் முகவரி

மனைவியின் மருத்துவக் காப்புறுதிச் சந்தாவில் பாதியை அரசாங்கம் கட்டி வந்தது. குடும்ப வருமானம் கூடிவிட்டதாம். கட்டியதைத் திருப்பித் தர வேண்டும் என்று பகாவ் நகரக் காப்புறுதி அலுவலகத்தில் சொன்னார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவனுக்கு ஏது கூடுதல் வருமானம்? கோலாலம்பூரில் வாடகை அறையில் இருக்கும் மகளின் அடையாளக் கார்டில் இன்னமும் தோட்டத்து வீட்டு முகவரிதான். அதனால் அவள் சம்பளத்தையும் எங்கள் வருமானத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

போனில், “முகவரிய மாத்திடும்மா,” என்றேன்.

“ரூம் ஓனரு அவரு அட்ரஸ போட விட மாட்றாருப்பா. வேற எந்த வீட்டப் போடறது?”

மனைவி போனைப் பிடுங்கினாள். “இந்த வீட்டையே வச்சுக்கடி. காப்புறுதிய நிப்பாட்டச் சொல்றேன்.”

அடுத்த மாதம் மனைவிக்கு இதய ஆப்பரேசன்.